கால் உடைந்த மணிக்கூட்டு ஸ்டாண்ட்

போன சனிக்கிழமை ஒரு மரத்துண்டுக்காக சிட்னியிலிருந்து மெல்பேர்ன் போய் வந்தேன். சட்டைப்பை மணிக்கூட்டை மாட்டிவைக்கும் ஸ்டாண்ட் அது. அந்தக் காலத்து ஐரோப்பியப் பணக்காரர்கள் படுக்கப் போகுமுன் மணிக்கூட்டைக் கழற்றி, பொன்முலாம் பூசிய இந்தச் சின்னக் கோபுரத்தில் தொங்கவிடுவார்களாம். உடனே அது மேசை மணிக்கூடாகிவிடும். (ஒரு கொக்கி போதாதா? நான் எஞ்சினியர், அப்படித்தான் கேட்பேன்.)

என் மனைவி கௌரி தந்த அப்படியொரு மணிக்கூட்டை நான் குசினியில் ரைஸ் குக்கருக்குப் பக்கத்தில் போட்டுவிடுவேன். அந்த எரிச்சலில்தான் அவள் மெல்பேர்னின் டண்டினொங் பகுதிக் கடையொன்றில் இதை இணையத்தில் வாங்கினாள். உடைந்திருந்த காலைத் திருத்தித் தருவதாகச் சொன்னார்கள். திருத்தி முடிப்பதற்குள் கௌரி இறந்துவிட்டாள். பிறகு செய்தி வந்தது: சனி ஒரு மணிக்குள் எடுக்காவிட்டால் வேறொருவருக்கு விற்றுவிடுவார்கள். தபாலில் அனுப்ப மாட்டார்களாம்.

சிட்னியில், நார்த்மீட் வீட்டிலிருந்து காலை 4.30க்குப் புறப்பட்டேன். விமானம் 7.00, இறங்கியது 8.35. பிறகு பஸ், ரயில். பாதி வழியில் தண்டவாள வேலை என்று இறக்கி, இன்னொரு பஸ்ஸில் ஏற்றினார்கள். டண்டினொங் சேர 12.20.

டாக்சிக்காரர் யாழ்ப்பாணத்தவர். அந்த நிம்மதியில் தமிழில் சொன்னதுதான் பிழை.

"அண்ணை, மணிக்கூட்டு ஸ்டாண்ட் எடுக்கப் போகவேணும். கெதியா."

ஒரு மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் நிறுத்தினார். "அந்தா தம்பி, பஸ் ஸ்டாண்ட்."

"ஐயோ, பஸ் இல்லை! மணிக்கூட்டை வைக்கிற ஸ்டாண்ட்!"

"மணிக்கூட்டுக்கு என்னத்துக்கு ஸ்டாண்ட்? அதுக்குக் கால் நோகுதோ?"

"ஓம், கால் உடைஞ்சுதான் திருத்தக் குடுத்தது!"

அவர் சிரித்து முடிக்கவே ஒரு நிமிடம் போனது. கடை வாசலில் இறங்கும்போது 12.51. டாக்சிக்கு 23 டொலர். பிழை தன்னுடையது என்று அவரும் கூடவே உள்ளே வந்தார்.

ஆர்டர் கௌரியின் பெயரில் இருப்பதால் அவரே சொல்ல வேண்டும் என்றார் கடைக்காரப் பெண். நான் வாய் திறப்பதற்குள் சீட்டிலிருந்த எண்ணை அழைத்துவிட்டார். என் பையில் கௌரியின் ஃபோன் அடித்தது. தினமும் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறேன்.

மூவரும் அது அடித்து ஓயும்வரை நின்றோம். அந்தப் பெண் பெட்டியை என் பக்கம் தள்ளினார். "தாங்கோ தம்பி, நான் தூக்கிறன்," என்றார் அண்ணை.

போகிறவர்களுக்கு: ரயில் ஓடுகிறதா என்று முதல் நாளே பாருங்கள். டாக்சியில் முகவரியை மட்டும் காட்டுங்கள். ஆர்டரில் இரண்டாவது பெயர் ஒன்றையும் கொடுங்கள்.

மணிக்கூட்டுக்கு அளவு சரியாக இருக்கிறது, 48 மில்லிமீட்டர். எங்கே வைப்பதென்று கௌரி சொல்லவில்லை. இப்போதைக்கு ரைஸ் குக்கருக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.