அடையாறு என்று சொன்னார்கள்

இன்று பேத்திக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனோம். வீடு அடையாறு என்று சொல்லியிருந்தார்கள்.

பையனைப் பேத்திக்குப் பிடித்துவிட்டது. "தாத்தா, அங்க போய் எதுவும் பேசிக் கெடுத்துடாதீங்க" என்று கெஞ்சி அனுப்பினாள்.

இந்த ஆண்டுதான் எழுதப் படிக்கக் கற்றேன். ஆட்டோவில் ஒரு கடைப் பலகையையும் விடவில்லை. மருந்துக்கடை, தரமணி. டிபன் கடை, தரமணி. மாப்பிள்ளை வீட்டுக்கு எதிரே சலூன், அதிலும் தரமணி! படிக்கப் படிக்கத் தேன்.

காப்பி வந்ததும் மாப்பிள்ளையின் அப்பாவைக் கேட்டேன். "இன்னா சம்பந்தி, அடையாறு எப்போ இங்க குடி வந்துச்சு?"

என் மகன் தொடையைக் கிள்ளினான்.

அவர் அசரவில்லை. "உங்க ஊட்டு ஜாதகத்துல தி.நகர்னு போட்டு கீதே? பொண்ணு பாக்க வந்தப்போ ஆட்டோ சப்வே தாண்டி மேற்கு மாம்பலத்துலதானே நின்னுச்சு?"

நான் மகனைப் பார்த்தேன். அவன் மின்விசிறியைப் பார்த்தான். கிழவனுக்குத்தான் படிக்கத் தெரியாதே என்ற தைரியத்தில் அவன் எழுதியது அது.

நடுவே ஓடும் ரயில் தண்டவாளத்துக்குக் கிழக்கே தி.நகரில் குடியிருந்தால் கௌரவம், மேற்கே மாம்பலத்தில் இருந்தால் அவமானமாம். தூ! குடியிருக்கும் பேட்டையின் பெயரைச் சொல்லக் கூசுகிற ஜென்மங்கள்.

இரண்டு குடும்பத்துக்கும் ஒரே புளுகு. இதைவிடப் பொருத்தம் எந்த ஜோசியர் சொல்வார்? தட்டு மாற்ற நாள் பார்க்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

கல்யாணப் பத்திரிகையை அச்சுக்குப் போகும் முன் நான்தான் படிப்பேன். உங்கள் வீட்டுப் பத்திரிகையில் எந்தப் பேட்டையைப் போட்டீர்கள்? பொய் சொல்லாமல் எழுதுங்கள், எழுத்துக் கூட்டியாவது படித்துவிடுவேன்.