சரோஜா வீட்டு மிலாறு

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழே காலுக்கு என் கைப்பேசி அடித்தபோது, காஸ் அடுப்பு எரிகிற என் பதுளை வீட்டுச் சமையலறையில், காயாத தேயிலைக் கொம்பு எரிகிற புகை மூக்கில் ஏறியது. இல்லாத புகைதான். ஆனால் கைப்பேசித் திரையில் சரோஜாவின் பெயர் தெரிகிறபோதெல்லாம் அது வந்துவிடுகிறது. கண்கூடக் கொஞ்சம் கரிக்கும்.

சரோஜா என்னோடு மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றில் வளர்ந்தவள். இப்போது பெரகலச் சந்தியில் கணவனோடு கடை வைத்திருக்கிறாள். ஆஸ்பத்திரியில் யாருக்காவது நம்பர் எடுக்க வேண்டுமென்றால் அழைப்பாள். மகனுக்கு நல்ல டியூஷன் வகுப்பு விசாரிக்க வேண்டுமென்றால் அழைப்பாள். என் அம்மா இறந்தபோது அழைக்கவில்லை. இந்த ஞாயிறு "கலா, நல்லா இருக்கியா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல், வருகிற சனிக்கிழமை பதுளையில் ஒரு கல்யாணம் என்றும், தன் வீட்டார் ஏழெட்டுப் பேர் வெள்ளிக்கிழமையே வந்து என் வீட்டில்தான் தங்கப்போகிறார்கள் என்றும் சொன்னாள். "பெரிசா ஒண்ணும் செய்யாத. சோறு, கோழிக்கறி, ஒரு பருப்பு போதும். ஒன் கைப்பக்குவம் யாருக்கு வரும்?" அவள் முடிக்கும் முன்னே நான் "வாங்க, வாங்க" என்றுவிட்டேன்.

திரும்பினால் கதவருகில் என் மகள் நித்யா நின்றிருந்தாள். முதல் நாள்தான் அவளை ஏசியிருந்தேன். வகுப்புத் தோழி ஒருத்தி பள்ளியில் கொடுத்த தன் சித்திர ஒப்படையை இவள் தலையில் கட்டிவிட்டு உறவினர் வீட்டு விருந்துக்குப் போய்விட்டாள். இவள் தன் பாடத்தை மூடி வைத்துவிட்டு அதற்கு வர்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். "அவ ஒன்னைய வேலைக்காரி மாதிரி வச்சிருக்கா, அதுகூட வெளங்கலயா ஒனக்கு?" என்று கத்தியிருந்தேன். இப்போது நித்யா, "நீங்க மட்டும் வாங்க வாங்கன்னு சொல்லலாமாம்மா?" என்று கேட்டாள். குத்திக்காட்டவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் அரிசி எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கப் போனேன்.

எங்கள் தோட்டத்தில் தேயிலைச் செடிகளை வெட்டித் தாழ்த்துவதைக் "கவ்வாத்து" என்போம். ஆண்கள் ஒரு மலைச் செடிகளை வெட்டி முடித்து அடுத்த மலைக்கு நகர்ந்ததும், வெட்டுப்பட்ட கொம்புகள் சரிவெல்லாம் கிடக்கும். அதுதான் "மிலாறு". பிள்ளைகள் ஓடியோடிப் பொறுக்கிக் குவியலாக்கி, மேலே ஒரு துணிக் கிழிசலைக் கட்டிவிட்டால் அந்தக் குவியல் அந்த வீட்டுக்குச் சொந்தம். காய்ந்து, கட்டித் தூக்கிப் போகும்வரை, பேச்சுவார்த்தை இல்லாத வீட்டுக்காரர்கூட அதைத் தொடமாட்டார். ஐப்பசியில் மழை இறங்கினால் எப்போது விடுமென்று யாருக்கும் தெரியாது. வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்து வீடுகளில் சோறு வேகவும், வெந்நீர் காயவும், ஈரத்துணி உலரவும் அந்த மிலாறுதான் கதி.

மற்ற மாதங்களில் சரோஜா பள்ளிக்கூடத்தில் என்னைப் பார்த்தும் பாராததுபோல வேறு பிள்ளைகளோடு உட்காருவாள். கவ்வாத்துக் காலம் வந்ததும் எங்கள் வாசலில் வந்து நின்று "கலாக்குட்டி" என்பாள். அந்தக் "குட்டி"க்காக நான் எதையும் செய்வேன். கொம்பு கீறி அவள் கை புண்ணாகிவிடும் என்பதால் நான் பொறுக்குவேன். அவள் கல்லின் மேல் உட்கார்ந்து, "அந்தா, அங்கிட்டு ஒரு தடியான கொம்பு கெடக்கு பாரு" என்று காட்டித் தருவாள். எதற்காகக் கூப்பிடுகிறாள் என்று பதினொரு வயதில் எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தே போனேன், இன்றும் முகத்தைச் சுடுவது அதுதான்.

"நம்ம அடுப்புக்கு வெறகு பாருடின்னா, ஊரு அடுப்பு எரியுதான்னு பாக்கப் போறாங்க மகாராணி" என்பாள் அம்மா.

அந்த வருஷம் அம்மா வயிற்றுப் பிள்ளையோடு இருந்ததால் விறகு முழுக்க என் பொறுப்பானது. தன் பழைய நீலச் சேலையைக் கிழித்துக் கட்டுத்துணியாக என்னிடம் கொடுத்திருந்தாள். சரோஜா துணி கொண்டு வரவில்லை. "ஒங்கிட்டதான் நெறைய இருக்கே புள்ள" என்றாள். எங்களுக்கென்று கட்டிய அதே நீலத்துணியை அவளுக்காகச் சேர்த்த குவியல்களிலும் கட்டினேன். வழியில் போகிறவர்கள் கேட்டால், அவள் தோழி என்று காட்டிக்கொள்ளும் ஆசையில், "இது சரோஜாவோடது" என்று நானே பெருமையாகச் சொன்னேன்.

மிலாறு காய்ந்து தூக்கும் நாளில், நீலத்துணி கட்டிய குவியல் அத்தனையும் தனது என்றாள் சரோஜா. "நீதானே எல்லார்கிட்டயும் சொன்ன?" சுற்றி நின்ற பிள்ளைகளும் "ஆமா, கலாதான் சொன்னா" என்றார்கள். அவர்கள் சொன்னது பொய்யில்லை. சரோஜா என் தோளில் கைபோட்டு, "அடுத்த மலை வெட்டுவாங்கல்ல, ஒனக்கு அங்க பொறுக்குவோம், நானும் வாறேன்" என்றாள். அந்தக் கை தோளில் கிடந்த சுகத்தில், அவள் வீட்டுக் கட்டுகளில் பாதியை நான் சுமந்து கொடுத்தேன்.

அடுத்த மலையை வெட்டும் முன்னே மழை பிடித்துக்கொண்டது. தம்பியும் அந்த மழையிலேயே பிறந்தான். அடுப்புக்கு மேல் இருந்த கொஞ்ச விறகும் தீர்ந்த அன்று, அப்பா வேலைக்குப் போயிருந்தார். குளிரில் பிள்ளை அழக்கூடத் தெம்பில்லாமல் முனகிக்கொண்டிருந்தான். நான் எடுத்துவந்த ஈரக்கொம்பு புகைந்ததே தவிர எரியவில்லை. "சரோஜா வீட்ல ரெண்டு கட்டு கேட்டு வா. மழ விட்டதும் குடுத்துருவோம்னு சொல்லு" என்றாள் அம்மா.

சரோஜா வீட்டு வாசல் ஓரத்தில் மிலாறு கூரை முட்ட அடுக்கியிருந்தது. எங்கள் நீலத்துணியை அவிழ்க்கக்கூட இல்லை. மழைக்குச் சாக்கைத் தலையில் போட்டபடி நான் கேட்டேன். சரோஜா, "அம்மா வேலைக்குப் போயிட்டாங்க. கேக்காம எடுத்தா ஏசுவாங்க" என்றாள். நான் திரும்பினேன். "வந்ததும் வந்துட்ட, அந்தத் தண்ணி வாளியத் தூக்கி உள்ளுக்கு வச்சிட்டுப் போயேன்."

வைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "என்ன சொன்னா?" என்றாள்.

"தண்ணி வாளியத் தூக்கி வைக்கச் சொன்னா."

"வச்சியா?"

"வச்சேன்."

அம்மா என்னை ஏசவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு, பிள்ளை பெற்ற உடம்போடு எழுந்துபோய், கோழிக்கூட்டைப் பலகை பலகையாகப் பிடுங்கி அடுப்பில் வைத்தாள். தம்பிக்கு உடம்பு சூடேறியது. மாலையில் அப்பா வந்து, கட்டிலுக்கடியில் கோழிகள் நிற்பதைப் பார்த்து, "இதுங்களுக்கும் புள்ள பொறந்துருக்கா?" என்று கேட்டார். அம்மா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

இதை யாரிடமும் சொன்னதில்லை. வெள்ளிக்கிழமை வெங்காயம் உரித்தபடி நித்யாவிடம் சொன்னேன். கண்ணீருக்கு ஒரு காரணம் கையிலேயே இருந்தது. அவள் பூண்டை உரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த மலை இப்போது கவ்வாத்தே காணாமல் காடாகிவிட்டது. எங்கள் பழைய லயத்திலும் பல வீடுகளில் காஸ் அடுப்பு. துணி கட்டிக் குவியல் பிடிக்கிற பிள்ளைகள் இல்லை, "மிலாறு" என்றால் என் மகளுக்கு நான் விளக்க வேண்டியிருக்கிறது. அந்தக் காலத்தின் மிச்சமாய்த் தங்கிவிட்டது நான் ஒருத்திதான் போலிருக்கிறது.

பாய்களை விரித்து, சோற்றை இறக்கி, கறியைக் கொதிக்கவைத்துக் காத்திருந்தோம். இருட்டி, தூறல் தொடங்கிய பிறகு வாசலில் ஒரு முச்சக்கர வண்டி வந்து நின்றது. ஓட்டி வந்தவர் மட்டும் இறங்கினார்.

"பெரகல சரோஜாக்கா ஆளுங்க வழியில ஹாலிஎலயில சொந்தக்காரங்க வீட்லயே தங்கிட்டாங்க. சாப்பாட்ட மட்டும் வாங்கிட்டு வரச் சொன்னாங்க. சட்டியப் பொறகு அனுப்புவாங்களாம்."

சோற்றுப் பானையையும் கறிச்சட்டியையும் நானே கொண்டுபோய் வண்டியின் பின் இருக்கையில் வைத்தேன். கறி சிந்தாமலிருக்க அடியில் துணி சுருட்டி வைத்தேன். "மெதுவா ஓட்டுங்க தம்பி" என்றும் சொன்னேன். வண்டி போய்விட்டது. தூறல் என்மேல் படவில்லை என்பதைச் சற்றுப் பிறகுதான் உணர்ந்தேன். நித்யா எப்போதோ வந்து எனக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"அந்த வாளி ரொம்பப் பாரமா இருந்துச்சாம்மா?" என்று கேட்டாள்.