நிலாவெளியில் பிடித்த நிரை

மார்கிரட் கடலுக்கு மூன்று தடவை போயிருந்தாள். மூன்று தடவையும் கால் நனையாமல் திரும்பி வந்தாள். எல்கடுவைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த ஒற்றை அறை வீட்டு வரிசையில், அவளுக்குப் பக்கத்துக் காம்பராக்காரி நான். சேர்ந்துதான் கொழுந்தெடுப்போம், சேர்ந்துதான் அந்தப் பயணங்களும் போனோம். ஊர் திரும்பியதும் யாராவது "கடல் எப்பிடி இருந்துச்சு?" என்று கேட்டால், மார்கிரட் முகத்தைத் திருப்பிக்கொண்டு பதில் சொல்வாள்.

"ஒரே பொகையா இருந்துச்சு."

பொய்யில்லை. எங்கள் ஆட்கள் ட்ரிப் போகிற லட்சணம் அப்படி. வாடகை பஸ்ஸில் அரிசி, பருப்பு, கருவாடு, அண்டா, விறகு எல்லாம் ஏறும். நிலாவெளிக் கடற்கரையில் பஸ் நின்றதும் ஆண்கள் சட்டையைக் கழற்றி வீசிவிட்டுக் கடலுக்கு ஓடுவார்கள். பெண்கள் மர நிழலில் மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டுவார்கள். ஆக்கி, பரிமாறி, அண்டாவைத் தேய்த்துக் கழுவி நிமிரும்போது பஸ்காரன் ஹாரன் அடிப்பான். இதற்குப் பெயர் உல்லாசப் பயணமாம்! நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இந்த வருடமும் பயணத்தை ஏற்பாடு செய்தவர் மார்கிரட்டின் புருஷன் சில்வெஸ்டர்தான். நல்ல மனிதர், குடிக்கமாட்டார். ஆனால் அடுப்பு யார் பாடு என்பதில் ஐயாவுக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. இறங்கியதும் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு உத்தரவு போட்டார்.

"மார்கிரட், மொதல்ல பருப்பப் போடு. நாங்க குளிச்சிட்டு வந்துர்றோம்."

மார்கிரட் அகப்பையை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"நீங்க போடுங்க. நான் கடலுக்குப் போறேன்."

விளையாட்டு என்று நினைத்து அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் கோபம் வந்துவிட்டது.

"பைத்தியமா ஒனக்கு? அல அடிச்சிட்டுப் போயிரும்!"

"கொளவி கொட்டுற மலைக்கு அனுப்புறப்ப இந்தப் பயம் எங்க போச்சு? அட்டை கடிச்சு ரத்தத்தோட வர்றப்ப எங்க போச்சு? மொழங்கா தண்ணிக்குத்தான் பயமா?"

மார்கிரட் எங்களையும் கடலுக்குக் கூப்பிட்டாள். ஆனால் எங்களில் ஒருத்தியும் அசையவில்லை. நனைந்த சேலை உடம்போடு ஒட்டுமே, நாலு பேர் பார்ப்பார்களே என்ற வெட்கம். மார்கிரட் அதையும் யோசித்துத்தான் வந்திருக்கிறாள். பையைத் திறந்தாள். உள்ளே நிறையப் படங்குகள். செடி கீறாமல், பனி நனைக்காமல் கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் சுற்றிக் கட்டுவோமே, அந்தத் தடித்த சாக்கு. பழையதையெல்லாம் சேர்த்து, துவைத்துக் காயவைத்து, என்னிடம்கூட மூச்சு விடாமல் கொண்டுவந்திருக்கிறாள்.

"கட்டுங்கடி. கட்டிட்டு நெர புடிங்க."

மலையில் ஆளுக்கொரு தேயிலை வரிசை பிரித்துக் கொடுப்பார்கள், அதுதான் நிரை. பிடித்த நிரையை முடிக்காமல் யாரும் மலையை விட்டு இறங்கக் கூடாது. நாங்கள் படங்கைக் கட்டிக்கொண்டு வரிசையாக நின்று கைகோத்தோம். மணலில் படுத்திருந்த வெள்ளைக்காரர்கள் எழுந்து உட்கார்ந்து பார்த்தார்கள். பார்க்கட்டும்! முதல் அலை முழங்காலில் அடித்தபோது சந்தோஷத்தில் கத்தினேன். இரண்டாவது அலையில் மார்கிரட் முழுகியே போனாள். எழுந்து, வாயில் போன தண்ணீரைத் துப்பினாள்.

"அடியே, உப்புடி! நெசமாவே உப்புடி!"

அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் கரையிலிருந்து ஆண்கள் குரல் கொடுத்தார்கள்.

"பசிக்குது! மேல வாங்க!"

"நெர இன்னும் முடியல!" என்று மார்கிரட் திருப்பிக் கத்தினாள்.

வேறு வழியில்லாமல் சில்வெஸ்டர் அடுப்பின் முன்னால் குந்தினார். விறகோ ஈரம். ஊதி ஊதிக் கண்ணில் தண்ணீர் கொட்டியது, புகை அவரை மூடிக்கொண்டது. இடுப்பளவு தண்ணீரில் நின்ற மார்கிரட் கரையைத் திரும்பிப் பார்த்தாள். மூன்று தடவையும் தான் குந்தியிருந்த இடம் அவளுக்குத் தெரியாதா என்ன?

"ஏங்க! அங்கேருந்து பாத்தா கடல் தெரியுதா?"

முதலில் இருமல்தான் வந்தது. பிறகு அவர் குரல் வந்தது.

"ஒரே பொகையா இருக்கு, மார்கிரட்."