கறுப்பு ஒயர்

அப்பா இருந்தார். பெரியப்பா இருந்தார். ஏசி வேலை பார்க்கும் பாய் இருந்தார், அத்திப்பள்ளியிலிருந்து வந்தவர். அம்மா வாசற்படிக்கு உள்பக்கம் நின்றாள். நான் இருந்தேன். எனக்கு ஒன்பது வயது. நடுவில் கார் நின்றது, நான்கு கதவும் திறந்தபடி.

கார் வாங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. பழைய கார். அன்று மாலை நாலு மணிக்குப் பேரிகை ரோட்டுக் கம்பெனி ஒன்றிலிருந்து ஒருவர் வண்டி பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். ஆபீஸ் ஆட்களை ஏற்றி இறக்க அவர்களுக்கு மாச வாடகைக்கு வண்டி வேண்டும். ஏசி ஓடினால் எடுத்துக்கொள்வார்கள். ஓடாவிட்டால் வேறு வண்டி பார்ப்பார்கள்.

அதுவரை அப்பா, பெரியப்பாவின் தக்காளி டெம்போவைத்தான் ஓட்டினார். ராயக்கோட்டை மண்டிக்குப் போவது, வருவது. பெரியப்பா நல்ல மனுசன். பேச்சுதான் அப்படி.

“வண்டி வாங்கினியே, அதுல காத்து வருதான்னு பாத்து வாங்கினியா? ஆகலன்னா விடு. நம்ம டெம்போ எங்கயும் போயிடல.”

ஞாயிற்றுக்கிழமை. ஓசூர்க் குளிர், கூடவே தூறல். காரின் முன்கண்ணாடி உள்பக்கம் ஆவி படிந்து வெளுத்துக் கிடந்தது. அப்பா வெளியே நின்று அதைத் துடைக்கிற மாதிரி துடைத்துக்கொண்டே இருந்தார்.

பாய் ஃபியூஸைப் பிடுங்கிப் பார்த்தார். நன்றாக இருந்தது. காற்றுக்கான ஸ்விட்சைத் திருகினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. எதிலும் சத்தம் இல்லை.

“காத்தடிக்கிற மோட்டார் ஹோய்த்துப்பா. போச்சு. பெங்களூர்லேர்ந்து வரணும். செவ்வாக்கெழம ஆகும்.”

“கேஸ் தீந்திருக்கும்” என்றார் பெரியப்பா.

எங்கள் வீட்டில் பெண்கள் புருஷனின் அண்ணனிடம் நேராகப் பேச மாட்டார்கள். சண்டை ஒன்றுமில்லை, அப்படித்தான் வழக்கம். பெரியப்பா இருக்கிற இடத்தில் அம்மா சொல்ல வேண்டியதை என்னிடம் சொல்வாள். நான் எடுத்துச் சொல்வேன். மூன்றடி தள்ளி நிற்பவருக்கு அது முதலிலேயே கேட்டிருக்கும். ஆனாலும் நான் சொன்ன பிறகுதான் கேட்ட மாதிரி முகம் வைப்பார்.

“பாப்பா, சூடு பக்கம் திருப்பினா காத்து வருதான்னு கேளு” என்றாள் அம்மா.

கேட்டேன். பாய் திருப்பினார். வரவில்லை.

“அப்ப கேஸ் இல்லன்னு சொல்லு. கேஸ் தீந்தாலும் காத்து வரும். குளுகுளுன்னு வராது, அவ்ளோதான்.”

சொன்னேன். பெரியப்பா என்னைப் பார்த்தார்.

“ஏ குட்டி, நீ எந்த ஐடிஐல படிச்ச?”

“நாலாப்பு, பெரியப்பா.”

பாய் சிரித்தார். அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

அம்மா ஒயரிங் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். காருக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டாகச் சேர்க்கும் கம்பெனி. அங்கே என்ன வேலை என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை. கேட்டால் “ஒயர் சொருவறது” என்பாள். விடிவதற்குள் கம்பெனி பஸ் வந்துவிடும். என் சட்டைப் பித்தானை ஒன்றாவதிலிருந்தே நான்தான் போட்டுக்கொள்வேன். “உனக்குத்தான் கை இருக்குதே” என்பாள்.

“பாப்பா, பேட்டரிலேர்ந்து நேரா மோட்டாருக்குக் கரண்டு குடுத்துப் பாக்கச் சொல்லு.”

“அதெல்லாம் வேணாம் பாப்பா. நான் இருவது வருசமா இதான் பாக்கறேன்” என்றார் பாய்.

“புள்ள சொல்லுதில்ல, குடுத்துதான் பாரேன் பாய்” என்றார் அப்பா.

பாய் முன்சீட்டுக்கு எதிரே சாமான் வைக்கும் பெட்டியைக் கழற்றினார். பெரிய கை அவருக்கு. அதை உள்ளே விட்டு, மோட்டாரில் ஒயர்களைச் சொருகியிருந்த கனெக்டரைப் பிடுங்கினார். பேட்டரியிலிருந்து இரண்டு ஒயர் இழுத்து மோட்டாரில் தொட்டார்.

கர்ரென்று சுற்றியது. தூசியும் காய்ந்த இலையும் அவர் முகத்தில் அடித்தன.

பாய் முகத்தைத் துடைத்துக்கொண்டார். செவ்வாய்க்கிழமையைப் பற்றி அப்புறம் பேசவில்லை.

“அப்ப மோட்டாருக்கு வர்ற ஒயர்தான்” என்றாள் அம்மா. இதை என்னிடம் சொல்லவில்லை. சொல்லிக்கொண்டே படி இறங்கி வந்துவிட்டாள். பெரியப்பா எதையோ பார்க்கப் போகிற மாதிரி தள்ளிப் போய், அவளுக்கு இடம் விட்டார்.

கனெக்டர் உள்ளே தொங்கியது. ஒயர் குட்டை, வெளியே வராது.

“பாப்பா, கைய உடு. அதுல ரெண்டு ஒயர் இருக்கும். ஒண்ணொண்ணா மெதுவா இழு.”

சிவப்பை இழுத்தேன். வரவில்லை. கறுப்பை இழுத்தேன். கையோடு வந்துவிட்டது. நான் உடைத்துவிட்டேன் என்று அழுகை வந்தது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

“அழாத. வந்துச்சுன்னா நல்லதுதான். அது உக்காரவே இல்ல.”

காரை முன்னே வைத்திருந்தவர்கள் பாட்டுப் பெட்டி மாட்டுவதற்காக எல்லாவற்றையும் பிடித்து இழுத்திருக்க வேண்டும். ஒயர் நுனித் தகட்டில் சின்ன நாக்கு மாதிரி ஒன்று உண்டு. அது மாட்டினால்தான் ஒயர் நிற்கும். தனியாக வந்த கறுப்பு ஒயரின் நுனி மட்டும் விளிம்புவரை எட்டியது; அதில் நாக்கு படுத்துக் கிடந்தது. அம்மா வளையலில் மாட்டியிருந்த ஊக்கை இடது கையால் எடுத்து, அந்த நாக்கை நிமிர்த்தினாள்.

“இப்ப தள்ளு. டிக்குன்னு கேக்கற வரைக்கும்.”

“நீயே தள்ளும்மா.”

“உன் கைதான் சின்னது. அதான் உள்ள போவும்.”

தள்ளினேன். கேட்கவில்லை. “இன்னும்” என்றாள். நகம் வெளுக்கத் தள்ளினேன். டிக்.

“இப்ப இழு.”

இழுத்தேன். வரவில்லை.

“தள்ளு, கேளு, இழு. மூணும் பண்ணாதான் வேலை முடிஞ்சுது.”

பாய் கனெக்டரை மாட்டி ஸ்விட்சைத் திருகினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நாலிலும் காற்று வந்தது. முன்கண்ணாடியில் வெளுப்பு கீழிருந்து மேலே விலகியது. அப்பா தெரிந்தார், அந்தப் பக்கம், துணியைக் கையில் வைத்துக்கொண்டு.

நாலு மணிக்கு அந்த ஆள் வந்தார். காற்று வரும் ஓட்டையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். “நாளையிலேர்ந்து வாங்க” என்றார்.

அப்பா தெரு முழுக்கச் சொன்னார். “எம்பொண்ணு பாத்த வேலை. கைய உட்டா, டிக்குன்னா, முடிஞ்சுது.” நான் ஒவ்வொரு வாசலிலும் கூடவே நின்றேன்.

பெரியப்பா டெம்போவில் ஏறுமுன் என்னைக் கூப்பிட்டார். அம்மா என் பக்கத்தில்தான் நின்றாள்.

“உங்கம்மாகிட்ட சொல்லு. நல்லா பாத்துச்சுன்னு சொல்லு.”

சொன்னேன். அம்மா அப்போதுதான் கேட்ட மாதிரி தலையாட்டினாள்.

என் கை சின்னது என்பதால்தான் அன்று வேலை நடந்தது என்று பல வருஷம் சொல்லித் திரிந்தேன். பாயின் கை உள்ளே போய் வந்ததைப் பார்த்தவள்தான் நான். அதை யோசிக்கவில்லை.

பத்தாவதோடு படிப்பு நின்றது. அம்மா வேலை பார்த்த கம்பெனிக்கே போனேன், அதே லைன். என் கையில் போன கனெக்டர் ஒன்றுகூட இதுவரை பழுதென்று திரும்பி வந்ததில்லை. தள்ளுவேன், கேட்பேன், இழுப்பேன். முதல் மாசக் கடைசியில் ஒரு நாள் காலை, வலது கட்டைவிரல் மரத்துவிட்டது. சட்டைப் பித்தானைப் போட முடியவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தேன். அம்மா வந்து, இடது கையால் ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள். அவள் வலது கட்டைவிரல் பித்தானில் படவே இல்லை.

அவள் காலத்தில் ஒரு ஆளுக்கு ஒரு ஷிஃப்டில் எத்தனை டிக் என்று அவளிடமே கேட்டேன்.

இரண்டாயிரத்து நானூறு.