ஆத்தூர் போன அம்பு

என் வீட்டுக்காரர் ஒரு வருடமாக வீட்டோடு இருந்தார். உடம்புக்கு ஒன்றுமில்லை. எங்கள் கோயிலில் விஜயதசமியன்று சாமி குதிரை வாகனத்தில் வந்து நிற்க, எதிரே நட்ட வாழை மரத்தில் பூசாரி அம்பு போடுவார். அம்பு செய்து தருவது எங்கள் வீட்டு முறை. போன வருடம் இவர் செய்த அம்பு வில்லை விட்டுக் கிளம்பி, பூசாரி காலடியிலேயே துவண்டு விழுந்தது. ஊரே சிரித்தது. பங்காளிகள், "அடுத்த வருசமும் இப்படின்னா முறைய நாங்க எடுத்துக்கறமுங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து மனுஷன் டீக்கடைப் பக்கமே போகவில்லை.

போகாதவர் சும்மா இருந்தாரா? எங்கள் நெசவுத் தறிகளை ஆட்கள் பார்த்துக்கொள்ள, இவர் என் சமையலறையைப் பார்த்துக்கொண்டார். குழம்பில் புளி தூக்கல், தாளிப்பில் அவசரம், டப்பா மூடி சரியாகத் திருகவில்லை. அடுத்த அம்பாவது ஒழுங்காகப் பறந்தால் இவர் டீக்கடைக்குப் போவார், என் வீடு எனக்குத் திரும்பக் கிடைக்கும். அதனால் அம்பு விஷயத்தில் அவரைவிட எனக்குத்தான் வெறி.

போன முறை வெட்டியது முந்தின நாள் பச்சை நாணல். இம்முறை தை கடைசியிலேயே நானும் ஸ்கூட்டரில் தொற்றிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனேன். தோகை காய்ந்து, தட்டை மஞ்சளேறி, சுண்டுவிரல் கனத்தில் நின்றதாகப் பார்த்து வெட்டினோம். ஒட்டியிருந்த சோகை இலைகளை உரித்து, இறுக்கிக் கட்டி, தறிக்கூடத்து நிழலில் தொங்கவிட்டோம். ஒட்டடை அடிக்கக் கோல் இல்லாமல் தவித்த நான் ஒன்றை மட்டும் உருவிக்கொண்டேன். கோணலை அடுப்பு அனலில் காட்டி, கணுக்கணுவாக நிமிர்த்தி, நுனியில் துணி சுற்றி வைத்தேன்.

புரட்டாசியில் நாணல் கட்டு நன்றாகவே காய்ந்திருந்தது. அதோடு விட்டாரா? நெசவுக்காரர் புத்தி.

"பாவுக்குக் கஞ்சி போட்டாத்தான நூலு வெறப்பா நிக்குது? தட்டைக்கு வேண்டாமா?"

"ஏனுங்க, அது நூலுங்களா?"

"உனக்கென்ன தெரியும் புள்ள."

மரவள்ளி மாவில் கஞ்சி காய்ச்சி, கட்டோடு முக்கி வெயிலில் வைத்தார். சாயங்காலம் பார்த்தால் அத்தனையும் ஒட்டிக்கொண்டு ஒரே தூணாக நின்றது. தண்ணீரில் ஊற வைத்தோம். கஞ்சியோடு தட்டையும் ஊறி நைந்தது. ஆற்றில் அந்தச் சமயம் எல்லாமே பச்சை. விடிந்தால் விஜயதசமி. மனுஷன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இன்னொரு வருடம் இவர் என் தாளிப்பை மேற்பார்வை பார்ப்பாரே!

அப்போதுதான் அவர் கண் என் ஒட்டடைக் கோலில் விழுந்தது. மாதக்கணக்கில் அடுப்புக்கு மேலே கிடந்து காய்ந்து, நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தது.

"சாமி காரியமுங்க. ஒட்டடை அடிச்சதுங்க அது."

"மஞ்சத்தண்ணி தெளிச்சாச் சரியாப் போகும். நீ வாயத் தொறக்காத."

துணியை அவிழ்த்துக் கழுவி, அளவாக நறுக்கினார். நாண் உட்காரும் பள்ளத்தைக் கணுவை ஒட்டி வெட்டியதும், பிளக்காமல் இருக்க நான் பாவு நூல் சுற்றினேன். பின்னால் சேவல் இறகு, முன்னால் ஓர் ஆணி.

மறுநாள் பூசாரி, போன வருட நினைப்பில் பல்லைக் கடித்துக்கொண்டு நாணை இழுத்தார். அம்பு வாழை மரத்தைச் சட்டை செய்யவே இல்லை. அதன் தலைக்கு மேலே பறந்து, சாலையோரம் நின்ற லாரியின் மரவள்ளிக் கிழங்குக் குவியலில் குத்தி நின்றது. சாமி கும்பிட நிறுத்தியிருந்த டிரைவர் எதையும் கவனிக்காமல் ஏறி ஆத்தூர் ரோட்டில் கிளம்பிவிட்டார். பங்காளிகள் வாயைத் திறப்பதற்குள் பூசாரி கத்தினார்:

"வாழை என்னங்க வாழை! அம்பு ஆத்தூருக்கே போயிருச்சுங்க!"

கூட்டம் கைதட்டியது. முறை எங்கள் வீட்டிலேயே நின்றது.

அடுத்த நாள் காலையில் நானே அவருக்குச் சட்டை எடுத்துக் கொடுத்தேன். அவர் செருப்பு மாட்டுவதற்குள் டீக்கடைக் கூட்டம் மொத்தமும் எங்கள் வாசலில் நின்றது. ஆத்தூர் போன அம்பை எப்படிச் செய்தார் என்று பார்க்க வேண்டுமாம். எல்லோரையும் என் சமையலறைக்குள் கூட்டிப்போய், அடுப்புக்கு மேலே தட்டை காய்ந்த இடத்தைக் காட்டினார். ஒருவர் குழம்புச் சட்டியைத் திறந்து மோந்துவிட்டு, "புளி கொஞ்சம் தூக்கலுங்க" என்றார்.

நான் கொண்டையை முடிந்துகொண்டு டீக்கடைக்கு நடந்தேன். பெஞ்சு முழுக்கக் காலி. நடுவில் உட்கார்ந்து ஸ்ட்ராங்காக ஒரு டீ சொன்னேன்.

"ஏனுங்க்கா, ஊட்ல அண்ணன் இல்லீங்களா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"இருக்காருங்க," என்றேன். "அதான்."