பெஞ்சின் அடிப்பக்கம்

எங்கள் அக்காவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்து, சாப்பிட்ட கையைக் கழுவியதும் இந்த நினைவு மலரைப் பெற்றுக்கொண்ட உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். "சிரிக்க வைக்கிறேன்னு எதையாவது எழுதி வைக்காதீங்க மாமா" என்று சொல்லித்தான் அக்காவின் மகள் இந்தப் பக்கங்களை எனக்குக் கொடுத்தாள். அதற்கு அவசியமே இல்லை. இருபது வருடமாக நகைச்சுவை எழுதுகிறேன். குடும்பத்தில் இதுவரை ஒருவரும் சிரித்ததில்லை.

அக்கா பிறந்தது கீழ்பென்னாத்தூரில், வேர்க்கடலை பயிரிட்ட குடும்பத்தில். மணமாகி அடி அண்ணாமலைக்கு வந்தார். மகளுக்கு நான்கு வயதாகும்போது அக்காவின் கணவர் காலமானார். அதன்பின் சத்துணவு மையத்தில் அமைப்பாளராகச் சேர்ந்து, மகளைப் படிக்கவைத்து, மணமுடித்துக் கொடுத்து, ஓய்வு பெற்றார். நான் சில வரிகளில் எழுதிவிட்டேன். அவருக்கு முப்பது வருடம் ஆனது.

ஓய்வு பெற்ற மறுவாரம் கடைக்குப் போய் உப்புத்தாள் வாங்கி வந்தார். முதலில் வீட்டிலிருந்த மர நாற்காலியைத் தேய்த்து வண்ணமடித்தார். பிறகு சொந்தக்காரர்களின் ஸ்டூல், அலமாரி, தொட்டில் எல்லாம் வரத் தொடங்கின. இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் அவர் கைபட்ட சாமான் ஒன்றாவது இருக்கும். பச்சை கேட்டவர்களுக்கும் நீலம்தான் அடித்துக் கொடுத்தார். யாரும் எதிர்த்துப் பேசியதாகத் தகவல் இல்லை.

எல்லாவற்றிலும் அவருக்கு முக்கியமானது ஒரு பெஞ்சு. கல்யாண மண்டபத்தில் கழித்துப் போட்டது. அக்காவின் வீடு கிரிவலப் பாதையிலேயே இருப்பதால், பௌர்ணமிதோறும் நடந்து களைத்தவர்கள் உட்கார அதை வாசலில் போட்டுவைப்பார். வருடத்துக்கு ஒருமுறை பழைய வண்ணத்தைத் தேய்த்தெடுத்துப் புதிதாக அடிப்பார். அதைக் கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கத்தையும் அதே சிரத்தையோடு தேய்ப்பார்.

"கீழ யாரு பார்க்கப் போறாங்கக்கா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பார்க்கறதுக்காடா தேய்க்கிறேன்? முட்டி வலிக்காரங்க எழுந்திருக்கிறப்போ ரெண்டு கையாலயும் பலகைய அடியில புடிச்சுதான் எழுந்திருப்பாங்க. அங்க சிராய் இருந்தா கையில ஏறாதா?"

சென்ற ஆண்டு அவருக்கு இதயம் பலவீனமானது. மருத்துவர் தூசியே ஆகாது என்றார். பெஞ்சு என் தலையில் விழுந்தது. அக்கா உள்ளே ஜன்னலோரம் படுத்திருந்தார், பார்த்துக்கொள்ள வந்த மகள் பக்கத்தில் இருந்தாள். நான் வாசலில் தேய்த்தேன்.

"டேய், குறுக்க தேய்க்காத. மரத்துல ரேகை போற பக்கமா போ."

"படுத்துக்கிட்டே எப்படிக்கா தெரியுது?"

"அதான் கத்துதே. தோசைக்கல்லா அது?" கொஞ்ச நேரம் கழித்து, "இன்னும் முரட்டுத் தாளாடா? நைஸுக்கு மாறு" என்றார்.

மூன்றாம் நாள் மேல்பக்கமும் கால்களும் முடிந்தன. மறுநாள் பத்திரிகைக்கு ஒரு கட்டுரை அனுப்ப வேண்டியிருந்தது. எதைப் பற்றிய கட்டுரை என்று இப்போது நினைவில்லை. அடிப்பக்கத்தைத் தொடாமலே பிரைமர் அடித்து, காய்ந்ததும் நீலத்தை அடித்துவிட்டேன்.

"கீழயும் தேய்ச்சியாடா?"

"ஆச்சுக்கா."

"சரிடா" என்றார்.

அடுத்த பௌர்ணமிக்கு முன்பே அக்கா போய்விட்டார்.

அந்தப் பௌர்ணமிக்கும் பெஞ்சை வெளியே போட வேண்டும் என்று அவர் மகள் சொன்னாள். போட்டோம். சாயங்காலம் ஒரு வயதான அம்மாள் வந்து உட்கார்ந்தார். எழுந்திருக்கும்போது கையை உதறினார்.

"இந்த வூட்டம்மா பெஞ்சியில எப்பவும் கையி குத்தாதே. இன்னா ஆச்சு?"

அக்கா மகள் ஊசியால் சிராயை எடுத்து, மஞ்சள் வைத்து அனுப்பினாள். அந்த அம்மாள் போனதும் அவளிடம் சொன்னேன்: "கீழ நான் தேய்க்கலம்மா. உங்க அம்மாகிட்ட தேய்ச்சேன்னு பொய் சொல்லிட்டேன்."

"அம்மாவுக்குத் தெரியும் மாமா."

"எப்படி?"

"பெஞ்சக் கவுத்த சத்தமே கேக்கலன்னாங்க. நான் போய் உங்கள கேக்கட்டுமான்னேன். 'வேணாம், அவனுக்கு முதுகு வலிச்சிருக்கும். சரியானா அவனே தேய்ச்சிடுவான்'னாங்க."

எனக்கு அன்று முதுகு வலிக்கவில்லை. அதை அவளிடமும் சொல்லவில்லை. இங்கே எழுதிவிட்டேன்.

அக்காவைப் பார்த்துக்கொண்ட மருத்துவருக்கும், கூப்பிட்ட போதெல்லாம் வந்த ஆட்டோக்காரத் தம்பிக்கும், கடைசி நாட்களில் எங்களுக்கும் சேர்த்துச் சமைத்த பக்கத்து வீட்டாருக்கும், தப்பான உப்புத்தாளை மூன்று முறை மாற்றிக் கொடுத்த கடைக்காரருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பெயர் கேட்காமல் விட்டுவிட்ட அந்த அம்மாளிடம் மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன்.

அந்தப் பௌர்ணமிக்கு மறுநாள் பெஞ்சைக் கவிழ்த்தேன். முரட்டுத் தாள், பிறகு நைஸ் தாள், ரேகை போகிற பக்கமாக. மூன்று நாள் ஆனது. அதற்கப்புறம் ஒரு வாரம் முதுகு வலித்தது. கிரிவலம் வருகிறவர்கள் உட்காரலாம். எழுந்திருக்கும்போது அடியில் நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.