கிளித் தோட்டின் சுரை

வெளிநாட்டிலிருந்து வருகின்ற உறவினர்கள் சொக்கிலேட்டும் வாசனைச் சவர்க்காரமும் கொண்டுவருவார்கள். இலண்டனிலிருந்து வந்த என் சித்தப்பா ஒரு பூதக்கண்ணாடியையும், உள்ளே கறுப்புத் துணி விரித்த ஒரு தட்டைப் பெட்டியையும் கொண்டுவந்தார். பெட்டி வெறுமையாக இருந்தது. அதைப் பழைய நகைகளால் நிரப்பிக்கொண்டு திரும்புவதே தம் பயணத்தின் நோக்கம் என்று அவர் அறிவித்தபோது, முரசுமோட்டையில் எங்கள் வீட்டு விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் கிடந்த அப்பா கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னார்.

"இஞ்சத்தைச் சனம் பழந்தங்கத்தை எல்லாம் அரிசியா மாத்திச் சாப்பிட்டு முடிச்சிட்டுது."

சித்தப்பா மனம் தளரவில்லை. அவர் செல்வந்தர் அல்லர். பெற்றோல் நிலையமொன்றில் வேலை செய்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் பழம்பொருட் சந்தைகளைச் சுற்றுகின்ற மனிதர். அப்படியொரு சந்தையில், நம்மவர் யாரோ விற்ற கல்லுப் பதக்கமொன்று, உடைந்த கடிகாரங்களுக்கு நடுவே ஊர்பேர் தெரியாமல் கிடந்ததைக் கண்ட நாளில் இந்தப் பைத்தியம் தொடங்கியதாம். சித்தி தொலைபேசியில் அம்மாவிடம் முறையிட்டிருக்கிறார். தம் கழுத்தில் ஒரு புதுச் சங்கிலி ஏறவில்லை, வீட்டு அலுமாரியிலோ செத்தவர்களின் நகை நிறைகிறது என்பது அவருடைய வழக்கு.

சித்தப்பாவுக்கும் ஒரு பிரதிவாதம் இருந்தது. நகைக்கடைக்காரர் பழைய நகையைக் கண்டதும் கல்லைக் கிண்டி எடுத்துக் கடதாசியில் சுற்றிக் கையில் தந்துவிடுவார். உள்ளே அடைத்திருக்கும் அரக்கின் நிறையைக் கழிப்பார். எஞ்சியதை உருக்குவார். ஒரு சிவப்புக் கல்லில் இலையையோ பறவையையோ செதுக்குவதற்கு எவனோ ஒருவன் செலவழித்த கண்பார்வைக்கு எந்தத் தராசிலும் நிறை இல்லை என்று சித்தப்பா சொல்வார். அந்த வசனம் எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அடுத்த பேச்சுப்போட்டியில் எங்காவது பொருத்தலாம் என்று மனத்தில் குறித்துக்கொண்டேன்.

எனக்கு அப்போது பதினொரு வயது. மாவட்டப் பேச்சுப்போட்டியில் முதலிடம் பெற்றிருந்தேன். முன்பின் அறியாத ஆண் ஒருவர் படலையில் நின்று நகையைப்பற்றி விசாரித்தால் நாயைத்தான் அவிழ்த்துவிடுவார்கள், பெண்பிள்ளை ஒன்று கூட நின்றால் கதிரை போடுவார்கள் என்று அம்மா கருதியதால் நான் சித்தப்பாவுடன் அனுப்பப்பட்டேன். காரணம் அதுவென்று நான் ஒருபோதும் ஏற்றுக்கொண்டதில்லை. என் நாவன்மைக்காகவே அழைக்கப்பட்டேன் என்று நம்பினேன். பாடசாலைச் சீருடை அணிந்து, வெற்றிச் சின்னத்தைக் குத்திக்கொண்டு, ஒரு முன்னுரையையும் மனனம் செய்து வைத்திருந்தேன். 'அன்புக்கும் மதிப்புக்கும் உரிய தாய்மார்களே' என்று அது தொடங்கும். வீட்டில் ஒரு தாய் மட்டும் நின்றாலும் நான் அதை மாற்றவில்லை.

வாடகை வான் கண்டி வீதியால் தெற்கே இறங்கி, வவுனியாவில் மன்னார் வீதிக்குத் திரும்பியது. வெயில் வானின் கூரையில் ஏறி உட்கார்ந்துகொண்டு எங்களுடனேயே வந்தது. ஒரு வீட்டில் எங்களைக் கோயில் திருப்பணிக்குக் காசு சேர்க்க வந்தவர்கள் என்று எண்ணிச் சில்லறை எடுத்துவந்தார்கள். இன்னொரு வீட்டில் மாப்பிள்ளை பகுதி என்று நினைத்து, மூத்த மகளைச் சேலை மாற்றும்படி உள்ளே அனுப்பிவிட்டார்கள். உண்மையைச் சொல்லி முடிப்பதற்குள் அந்த அக்கா பூவும் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். மூன்றாவது வீட்டில் ஓர் இளந்தாய் கவரிங் காப்புகளைக் கொண்டுவந்து காட்டி, இவ்வளவு மினுங்குகிற பொருளை வேண்டாம் என்கிறீர்களே என்று மனம் நொந்தார்.

மற்றவர்கள் எல்லோரும் கதிரை தந்தார்கள், தண்ணீர் தந்தார்கள். அட்டியல் இருந்தது என்றார்கள். கல்லுக்காப்பு இருந்தது என்றார்கள். எங்கே என்று கேட்டால் கையைக் கடைசிச் சண்டை நடந்த கடற்கரைப் பக்கமாக ஒருதரம் விசிறிவிட்டு, திரும்பத் தங்கள் வேலையைப் பார்த்தார்கள். அவர்களுக்குக் கோபம் இருக்கவில்லை. கதைக்கிற களைப்புத்தான் இருந்தது. நானும் மெல்ல மெல்ல முன்னுரையைச் சுருக்கத் தொடங்கினேன்.

பூவரசங்குளத்தில், முற்றத்தில் நெல் காயவிட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மா மட்டும் என் முன்னுரை முழுவதையும் கேட்டார். கேட்டு முடித்துக் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போய், வெறும் தைலப் போத்தல் ஒன்றை எடுத்துவந்தார். அதற்குள்ளே பஞ்சில் பொதிந்து ஒற்றைத் தோடு ஒன்று இருந்தது.

சித்தப்பா பூதக்கண்ணாடியை எடுத்தார். ஒரே சிவப்புக் கல்லில் கிளி ஒன்று செதுக்கப்பட்டிருந்தது. சிறகின் ஒவ்வொரு இறகும் தெரிந்தது. கல்லைச் சுற்றிப் பொன்னிலைகள். சோடியாகப் போட்டால், போட்டவளின் முகத்தை நடுவில் வைத்து இரண்டு கிளிகளும் ஒன்றையொன்று பார்க்கும் என்று சித்தப்பா எனக்கு விளங்கப்படுத்தினார். அந்த அம்மா தோட்டை அவருடைய கையில் கொடுக்கவில்லை. தம் இரண்டு விரல்களுக்கிடையில் பிடித்தபடி பூதக்கண்ணாடிக்குக் கீழே காட்டினார். சேர்ப்பவர்கள் எல்லோரும் கேட்கின்ற கேள்வியைச் சித்தப்பாவும் கேட்டார்.

"சோடி எங்கை அக்கா?"

"மகளின்ரை காதிலை."

பிறகு, காணாமற்போனவர்களைப் பதியவென்று கோப்புகளோடு வந்த எத்தனையோ பேருக்குச் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன குரலில் நடந்ததைச் சொன்னார். சண்டைக்குள் கடற்கரையை நோக்கி ஓடிய கடைசி இடப்பெயர்வில் நகையை ஒரே ஆளிடம் வைத்திருக்கக்கூடாது என்று எல்லோரும் பிரித்துக்கொண்டார்களாம். இவர் சோடியையே பிரித்தார். ஒன்று தாய்க்கு, ஒன்று மகளுக்கு. கை விட்டுப்போனால் ஆளுக்கொன்று மிஞ்சும் என்பது கணக்கு. இடம் மாறிய ஒரு நாளில், சனத்துக்குள்ளே கை விட்டுத்தான் போயிற்று.

"விக்கிறதெண்டால் சுரையைக் கழட்டி வைச்சுக்கொண்டு தோட்டை மட்டும் குடு எண்டு அவளுக்குச் சொல்லிவிட்டனான்," என்றார். "சுரையும் பவுண்தானே. இன்னொரு நாளைச் சாப்பாட்டுக்கு உதவும்."

சுரை என்பது தோட்டைக் காதின் பின்பக்கம் பூட்டுகின்ற சின்னத் திருகு. அவருடைய தோட்டில் அது அப்படியே இருந்தது. மகள் கெட்டிக்காரி, சொன்னால் சொன்னபடி செய்வாள் என்றும் சொன்னார்.

இந்த இடத்தில் நான் எழுந்து நின்றேன். ஒற்றைத் தோட்டை எவராலும் அணிய முடியாது என்பது என் முதலாவது வாதம். போத்தலுக்குள் கிடக்கும் கலை இருளில் கிடக்கிறது என்பது இரண்டாவது. சித்தப்பாவின் பெட்டியில் அதை உலகமே பார்க்கும் என்பது மூன்றாவது. ஏற்ற இறக்கத்தோடு பேசினேன். கையை எங்கே விரிக்கவேண்டுமோ அங்கே விரித்தேன். அந்த அம்மா ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

"முடிஞ்சுதோ பிள்ளை? தொண்டை காஞ்சிருக்கும், தண்ணியைக் குடி," என்றார். என்னைவிட்டுச் சித்தப்பாவிடம் திரும்பினார்.

"தம்பி, நான் இதை விக்கமாட்டன். நீங்கள் ஊர் ஊராய் நகை பாத்துக்கொண்டு போறனீங்கள். இதின்ரை சோடி எங்கையும் கண்ணிலை பட்டால் நீங்கள் வாங்கவும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். சுரை இருக்கோ எண்டு மட்டும் பாத்து வந்து சொல்லுங்கோ. சுரை இல்லாட்டி அவள்தான் வித்திருக்கிறாள். வித்தவளெண்டால் அதுக்குப் பிறகும் இருந்திருக்கிறாள்."

சுரை இருந்தால் என்ன என்று அவர் சொல்லவில்லை. ஒரு கூற்றின் ஒரு பாதியை மட்டும் சொல்லி மறுபாதியை விட்டுவிடுவது பேச்சுக்கலையில் பெருங்குற்றம் என்று எங்கள் ஆசிரியை கற்பித்திருந்தார். நான் மனத்துக்குள் அவருக்குப் புள்ளி குறைத்தேன்.

மத்தியானம் கழிந்தபின் செட்டிகுளத்துக்குப் போனோம். அங்கே பழைய பித்தளையும் உடைந்த தங்கமும் வாங்குகிற, எல்லோரும் நானா என்று அழைக்கும் முஸ்லிம் வியாபாரி ஒருவர் இருப்பதாக வான் சாரதி சொல்லியிருந்தார். முல்லைத்தீவிலிருந்து துரத்தப்பட்டு, நெடுங்காலம் வெளியில் அலைந்து, வன்னிக்கே திரும்பிவந்த குடும்பம். நானாவின் மனைவி எங்களுக்குத் தேத்தண்ணி அனுப்பினார். நானா ஒரு பிஸ்கட் ரின்னைக் கொண்டுவந்து, பாயில் துணி விரித்து, உள்ளே இருந்ததைக் கொட்டினார். அறுந்த சங்கிலித் துண்டுகள், நெளிந்த மோதிரங்கள், பச்சைக் கல்லில் பூச்செதுக்கிய ஒரு பதக்கம். சித்தப்பா அந்தப் பதக்கத்தை எடுத்து, அந்த நாளில் முதன்முறையாகச் சிரித்தார்.

கிளியை நான்தான் முதலில் கண்டேன். அதில் எனக்கு இருந்த பெருமையை மறைக்க மாட்டேன். மற்றத் தோட்டில் கிளி எந்தப் பக்கம் பார்த்ததோ, இது அதற்கு எதிர்ப்பக்கம் பார்த்தது.

சித்தப்பா பதக்கத்தைக் கீழே வைத்துவிட்டார். தோட்டைப் புரட்டிப் பார்த்தார். சுரை இறுகப் பூட்டியபடி இருந்தது. புரிகளுக்குள்ளே மணல் அடைந்திருந்தது.

"இது எங்காலை வந்தது நானா?"

சண்டை முடிந்த அந்தக் கடற்கரையில் மண் அரித்துத் தங்கம் பொறுக்குகிறவர்கள் கொண்டுவந்து தந்ததாக நானா சொன்னார். "மற்றதெல்லாம் உருக்கியாச்சு தம்பி. இதை உருக்க மனம் வரேல்லை. கிளி ஆளைப் பாக்குது."

"சுரை இப்பிடியே பூட்டித்தான் கிடந்ததோ?"

"ஓம். நான் கை வைக்கேல்லை."

"சுரையும் இருக்கு சித்தப்பா," என்றேன் நான். "முழுசாய் இருக்கு."

நானா என்னைப் பார்த்தார். பிறகு சித்தப்பாவைப் பார்த்தார். பொருள் குறைபாடில்லாமல் கிடைத்திருக்கிறது, சோடி சேரப்போகிறது, அந்த அம்மா கேட்டதற்கும் பதில் கிடைத்துவிட்டது. இவ்வளவுக்கும் பிறகு இரண்டு பெரிய மனிதர்கள் ஏன் இப்படி வாயடைத்து இருக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. நானா சொன்ன விலையைச் சித்தப்பா பேரம் பேசாமல் கொடுத்தார். தோட்டைப் பெட்டியில் வைக்கவில்லை. சட்டைப்பைக்குள் போட்டார். பச்சைக் கல் பதக்கத்தை அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. நானா வீதிவரைக்கும் வந்து எங்களை வழியனுப்பினார்.

திரும்பும் வழியில் பூவரசங்குளத்தில் நிறுத்தவேண்டாம் என்று சித்தப்பா சாரதியிடம் சொன்னார். ஆனால் அந்த அம்மா படலையைத் திறந்து வைத்து வீதியோரத்தில் நின்றுகொண்டிருந்தார். வானைக் கண்டதும் கையைத் தூக்கினார். சாரதி நிறுத்திவிட்டார். நான் அறிவிப்பை ஏற்கெனவே தயாரித்திருந்தேன். 'தாங்கள் ஒப்படைத்த பணியை நிறைவேற்றினோம்' என்று அது தொடங்கும். இறங்கப்போன என் மணிக்கட்டைச் சித்தப்பா பிடித்தார்.

"பிள்ளை, நீ ஒண்டும் கதைக்கக்கூடாது."

கதைக்கக்கூடாது என்று எனக்கு ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் இறங்கிப்போய் அந்த அம்மாவுக்கு முன்னால் நின்றார்.

"காணேல்லை அக்கா. எங்கையும் காணேல்லை."

கேட்ட பொருள் கிடைக்கவில்லை என்று அறிந்தவரின் முகம் வாடும் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். அவருடைய தோள்கள் கீழே இறங்கின. நெற்றி விரிந்தது. "பரவாயில்லைத் தம்பி, பரவாயில்லை," என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். வெறுங்கையோடு போகக்கூடாது என்று உள்ளே ஓடி, ஒரு கட்டுப் பயித்தங்காயைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். மறுகையில் தைலப் போத்தல் இருந்தது.

"இதையும் கொண்டுபோங்கோ. சோடியைக் கண்டால் பக்கத்திலை வைச்சுப் பாக்க லேசாயிருக்கும். உங்களை நம்பித் தரலாம் போலை கிடக்கு."

காலையில் தொடவும் விடாத தோட்டை அவராகவே நீட்டினார். சித்தப்பா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேண்டாம் அக்கா. உங்களிட்டையே இருக்கட்டும்."

வான் வவுனியாவைத் தாண்டும்வரைக்கும் நான் அடக்கிக்கொண்டிருந்தேன். பிறகு வாதாடத் தொடங்கினேன். பொய் சொன்னது முதற் பிழை. கையில் வந்த சோடியை மறுத்தது அதைவிடப் பெரிய பிழை. ஒற்றைத் தோட்டைச் சித்தப்பா மட்டும் வைத்து என்ன செய்வார்? அந்த அம்மாவும் பிழைதான், இல்லை என்ற சொல்லுக்கு யாராவது பயித்தங்காய் கொடுப்பார்களா? என் வாதங்கள் ஒழுங்காக இருந்தன, குரலும் எடுபட்டது. இன்று பல்கலைக்கழக விவாத அணிக்குத் தலைமை தாங்குகிறேன், அந்த வான் பேச்சில் இன்றைக்கும் தருக்கப் பிழை கண்டுபிடிக்க என்னால் முடியாது. மாங்குளத்தில் களைத்துப்போய்ப் பேச்சை நிறுத்திவிட்டேன்.

வெறும் பெட்டி அவருடைய காலடியில் கிடந்து ஆடியது. அவர் ஒரு கையால் சட்டைப்பையைப் பொத்திப் பிடித்திருந்தார். வான் பள்ளத்தில் விழும்போதெல்லாம் அந்தக் கை இன்னும் இறுகியது. முரசுமோட்டை வரும்வரை அவர் அதை எடுக்கவில்லை.

வீட்டில் இறங்கியதும் நான் நேரே குசினிக்குப் போய்ப் பயித்தங்காயை அம்மாவிடம் கொடுத்து, சித்தப்பாவுக்கு நெஞ்சு நோகிறது, வழி முழுவதும் பிடித்துக்கொண்டே வந்தார் என்று சொன்னேன். அம்மா பதறிப்போய்க் கொத்தமல்லி அவித்துக் கொண்டுவந்தார். சித்தப்பா நோவு இல்லை என்று மறுக்கவில்லை. வாங்கிக் கடைசிச் சொட்டுவரைக்கும் குடித்தார்.